லாக் புக்கில் பெயர் இருப்பதாலேயே கடனாளி ஆகிவிட மாட்டோம்: தனியார் பார்க்கிங் கட்டணம் பற்றிய கோரிக்கைச் சாசனம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் கார் நிறுத்தியதற்காக வீடு தேடி வரும் கட்டணக் கடிதங்களைப் பற்றியது இந்தச் சாசனம். ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரொய்டன் என்று லண்டன் எங்கும் பரந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில், வண்டியின் லாக் புக்கில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்கள் நாங்கள். சட்டம் எங்களை ‘ரெஜிஸ்டர்ட் கீப்பர்’ என்கிறது. இங்கே பதிவுப் பொறுப்பாளர் என்று எழுதுகிறோம். அரசிடமும், ஸ்வான்சீயில் இருக்கும் ஓட்டுநர், வாகன உரிம அமைப்பான டிவிஎல்ஏவிடமும், பார்க்கிங் நிறுவனங்களின் இரண்டு சங்கங்களிடமும், அந்த நிறுவனங்களை அமர்த்தும் கடைகள், மருத்துவமனைகள், நில உரிமையாளர்களிடமும், எங்கள் தொகுதி எம்பிக்களிடமும் இதை வைக்கிறோம்.

நாங்கள் இலவசமாக நிறுத்த இடம் கேட்கவில்லை. வேறொருவர் நிலத்தில் நிறுத்தினால் அவருடைய விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. காரை நிறுத்தியது யார் என்று தெரியாதபோதும் பொறுப்பாளரிடம் பணம் கேட்கும் உரிமையை நாடாளுமன்றம் இந்த நிறுவனங்களுக்கு நிபந்தனைகளோடு கொடுத்தது. உரிமையை எடுத்துக்கொண்டார்கள். நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை மட்டும் கடிதம் பெறுகிறவர் தலையில் கட்டிவிட்டார்கள். இதை மாற்ற வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. கீழே வருபவை எல்லாம் அதன் கிளைகள்.

2012இல் நடந்த பேரம்

முன்பெல்லாம் தனியார் நிலத்தில் தவறாக நிறுத்தினால் சக்கரத்தில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். காசைக் கொடுத்தால்தான் பூட்டுத் திறக்கும். ஸ்காட்லாந்தில் அந்த வழக்கம் 1992ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்போடு முடிந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் ஆக்ட் 2012’ என்ற சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் அதைத் தடைசெய்தது. பூட்டைப் பறித்த அதே சட்டம், தன் 4ஆம் அட்டவணையில் நிறுவனங்களின் கையில் வேறொரு கருவியைக் கொடுத்தது.

அதுவரை, பார்க்கிங் கட்டணம் என்பது காரை நிறுத்திய ஓட்டுநரோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தைச் சார்ந்ததாக இருந்தது. ஓட்டுநர் யார் என்று காட்ட முடியாவிட்டால் வழக்கு நிற்காது. 4ஆம் அட்டவணை வந்தபின், ஓட்டுநரின் பெயரும் முகவரியும் தெரியாத இடத்தில் பொறுப்பாளரிடமே வசூலிக்கலாம் என்றாயிற்று. சும்மா அல்ல. நோட்டீஸ் குறித்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். சட்டம் சொல்லும் விவரங்களும் எச்சரிக்கையும் அதில் இருக்க வேண்டும். நிலம் அந்த அட்டவணைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நோட்டீஸில் சொன்ன தொகைக்கு மேல் பொறுப்பாளரிடம் கேட்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் நிறுவனம் ஓட்டுநரைத் தேடிப் போகலாம். பொறுப்பாளர் மீது உரிமை எழாது.

2015 நவம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த செம்ஸ்ஃபோர்ட் தீர்ப்பை இங்கே தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மிரட்டல் கடிதங்களில் திரும்பத் திரும்ப அது காட்டப்படுகிறது. இரண்டு மணி நேரம் இலவசமான ஒரு கடைத்தொகுதி வளாகத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற காருக்கு 85 பவுண்டு கேட்டார்கள். தொகை செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். லார்ட் டூல்சன் ஒருவர் மாறுபட்டார். அந்த வளாகத்தில் ஏறத்தாழ 20 அறிவிப்புப் பலகைகள் பெரிய எழுத்தில் இருந்தன. காரை ஓட்டியவர் யார் என்பதில் அந்த வழக்கில் தகராறே கிடையாது. ஆகவே கட்டணம் அதிகமா என்ற கேள்விக்கு அது பதில். பொறுப்பாளர் கட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் பதில் தேடுவது வீண். தெரிந்தே அதை எங்கள் முன் நீட்டுகிறார்கள்.

இது எங்கள் வீடுகளில் ஏன் இவ்வளவு கனமாக விழுகிறது

நம் வீடுகளில் ஒரு கார் ஒருவருடையதாக இருப்பதில்லை. லாக் புக் அப்பாவின் பெயரில் இருக்கும். காப்புறுதியில் மகன், மருமகள், சில வேளைகளில் மைத்துனர் பெயரும் இருக்கும். கடை வானைக் காலையில் ஒருவர் எடுப்பார், மாலையில் மற்றொருவர். கோவிலுக்கு, கல்யாண மண்டபத்துக்கு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு என்று எடுத்தவர் எடுத்துப் போவார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம், கார் ஓட்டுவதையே விட்டுவிட்ட எழுபது வயது அப்பாவின் பெயருக்கு வரும். அவர் அதைப் போலீஸ் கடிதம் என்றே எடுத்துக்கொள்வார். மகனுக்குச் சொல்லாமல், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று, 14 நாளுக்குள் கட்டினால் 60 பவுண்டு என்ற வரியைப் பார்த்துக் கட்டிவிடுவார்.

அவர் பயப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. கவுன்சில் அனுப்பும் தண்டக் கட்டணமும் தனியார் அனுப்பும் கட்டணமும் ஒரே மூன்றெழுத்தில்தான் வருகின்றன: பிசிஎன். கவுன்சிலுடையது சட்டப்படியான தண்டம், அதில் வண்டிக்காரரே பொறுப்பு. தனியாருடையது ஒரு நிறுவனம் எழுப்பும் பணக் கோரிக்கை. ஒரே மாதிரி கட்டம் போட்ட உறை, ஒரே மாதிரி மஞ்சள் பட்டை. இந்த ஒற்றுமை தற்செயல் என்று எங்களால் நம்ப முடியவில்லை. தனியார் நோட்டீஸின் தலைப்பிலேயே, ‘இது அரசோ கவுன்சிலோ போலீஸோ விதித்த தண்டம் அல்ல’ என்று கடிதத்தின் மற்ற எழுத்தைவிடச் சிறியதாகாத எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியையாவது, வண்டிக்காரர் கேட்டால், அவர் வாசிக்கும் மொழியில் தர வேண்டும்.

முதல் கோரிக்கை: நாள் தவறினால் கடிதம் வரக் கூடாது

கண்ணாடியில் டிக்கெட் எதுவும் ஒட்டாமல் கேமராவை வைத்தே கட்டணம் கேட்கும் இடங்களில், பொறுப்பாளருக்கான நோட்டீஸ், கார் நின்ற நாளுக்கு மறுநாள் தொடங்கி 14 நாளுக்குள் கையில் சேர வேண்டும். தபாலில் போட்டால், போட்ட நாளுக்குப் பின் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வரா. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு: முதல் 28 நாள் பொறுத்திருந்து, அடுத்த 28 நாளுக்குள் நோட்டீஸ் சேர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2025 மார்ச் 1, சனிக்கிழமை கார் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 14ஆம் நாள் மார்ச் 15. நிறுவனம் 13ஆம் தேதி வியாழக்கிழமை கடிதத்தைத் தபாலில் போடுகிறது. கடிதத்தின் தலையில் ‘மார்ச் 13’ என்று இருப்பதால் பார்க்கிறவருக்கு நாளுக்குள் வந்ததாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டாவது வேலை நாள் திங்கட்கிழமை, மார்ச் 17. நாள் கடந்துவிட்டது. பொறுப்பாளரிடம் கேட்கும் உரிமை எழவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? போட வேண்டியவர் யார்? கடிதம் அனுப்புகிறவர் போட வேண்டிய கணக்கு இது. அவரிடம் கணினி இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார்.

எங்கள் பெயரும் முகவரியும் அந்த நிறுவனத்துக்கு எப்படிக் கிடைத்தன? டிவிஎல்ஏ கொடுத்தது. 2002ஆம் ஆண்டின் வாகனப் பதிவு விதிகளின்படி, ‘நியாயமான காரணம்’ இருப்பவருக்கு விவரம் தரலாம். ஒரு பதிவுக்கு 2.50 பவுண்டு. அது தன் செலவை ஈடுகட்ட மட்டுமே என்று டிவிஎல்ஏ சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவை பார்க்கிங் நிறுவனங்கள் இப்படி விவரம் வாங்குகின்றன. இத்தனை பெரிய வாசலில் காவலுக்கு ஆள் இல்லை என்பதே எங்கள் குறை. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் நிறுவனத்துக்குக் கதவு திறந்துவிடுகிறது. ஒவ்வொரு காரும் எந்த நிலத்தில், எந்த நாளில் நின்றது, அந்த நிலத்துக்கு 4ஆம் அட்டவணை பொருந்துமா என்று கேட்பாரில்லை.

ஆகவே டிவிஎல்ஏவிடம் நாங்கள் கேட்பது: விவரம் கேட்கும் நிறுவனம் 4ஆம் அட்டவணையின் எந்தப் பத்தியின் கீழ் பொறுப்பாளரிடம் வசூலிக்கப் போகிறது என்று அப்போதே அறிவிக்க வேண்டும். நாள் தாண்டியிருந்தால், ‘ஓட்டுநரைக் கண்டறிய மட்டும்’ என்ற நிபந்தனையோடுதான் விவரம் தர வேண்டும். அப்படி விவரம் வாங்கி அனுப்பும் கடிதத்தின் முதல் வரி, ‘பொறுப்பாளர் என்ற முறையில் நீங்கள் இதைக் கட்டக் கடமைப்பட்டவர் அல்லர்’ என்று இருக்க வேண்டும். கடிதம் அச்சடித்த நாளைக் காட்டினால் போதாது, தபாலில் சேர்த்த நாளைக் காட்ட வேண்டும். எங்கள் விவரம் கை மாறும்போதெல்லாம் யாருக்கு, எந்த நாளில், எதற்காகத் தரப்பட்டது என்று டிவிஎல்ஏவே எங்களுக்கு எழுத வேண்டும். வங்கிக் கணக்கில் சில்லறை கழிந்தாலும் கைபேசிக்குத் தகவல் வருகிற காலத்தில் இது முடியாத காரியம் அல்ல. உரிமை இல்லாத இடத்தில் பொறுப்பாளரிடம் பணம் கேட்டது மறுபடி மறுபடி நிரூபணமானால், அந்த நிறுவனத்துக்குப் பதிவேட்டுக் கதவை மூட வேண்டும்.

இரண்டாவது: ஓட்டுநரைக் காட்டிக்கொடுக்கும் கடமை எங்களுக்கு இல்லை என்று எழுதுங்கள்

போலீஸ் கேட்டால், 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 172ஆம் பிரிவின்படி, யார் ஓட்டியது என்று பொறுப்பாளர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம். வேகக் கேமரா கடிதம் வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கத்திலேயே பார்க்கிங் நிறுவனத்தின் கடிதத்துக்கும் மகன் பெயரை எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். தனியார் நிறுவனத்துக்கு அப்படிக் கேட்டு வாங்கும் அதிகாரம் இல்லை. பெயரைச் சொல்லுமாறு அது அழைப்பு விடுக்கலாம். சட்டமும் அழைப்பு என்றுதான் சொல்கிறது.

பெரும்பாலோர் தங்கள் பாதுகாப்பை இழப்பது முறையீட்டின் முதல் வாக்கியத்தில். ‘நான் பத்து நிமிடம்தான் நிறுத்தினேன்’ என்று எழுதிய கணத்தில் ஓட்டுநர் யார் என்ற கேள்விக்கு விடை கொடுத்தாயிற்று. அதன்பின் நோட்டீஸ் நாள் தவறி வந்ததா, வாசகம் சரியா என்பதெல்லாம் பயனற்றுப் போகிறது. ‘இந்த வாகனத்தின் பதிவுப் பொறுப்பாளர் என்ற முறையில் எழுதுகிறேன்’ என்று தொடங்கி, ‘ஓட்டுநர்’ என்று படர்க்கையில் பேசியிருந்தால் அந்தப் பாதுகாப்பு அப்படியே இருந்திருக்கும். சட்டம் தெரிந்தவர் தப்பிக்கிறார், உண்மையை உள்ளபடி எழுதிய எளியவர் மாட்டிக்கொள்கிறார். இந்த அநியாயம் எங்களை மிகவும் வருத்துகிறது.

எனவே, இணையத்திலோ காகிதத்திலோ முறையீட்டுப் படிவம் எதுவானாலும், ‘பொறுப்பாளராக மட்டும் முறையிடுகிறேன்’ என்ற தெரிவு முதலில் வர வேண்டும். அதனருகிலேயே, ஓட்டுநரின் பெயரைச் சொல்லும் கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் என்ன விளைவு என்றும் எழுதியிருக்க வேண்டும். பெயரைத் தராமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாத படிவங்கள் ஒழிய வேண்டும். பொறுப்பாளர் என்பதாலேயே அவர்தான் ஓட்டியிருப்பார் என்று எழுதும் வழக்கமும் நிற்க வேண்டும். அதற்கு ஆதாரமாக 1982ஆம் ஆண்டின் ஒரு குற்றவியல் வழக்கைக் காட்டுகிறார்கள். அங்கே ஓட்டியவர் இன்னார் என்பதற்கு வேறு சான்றுகள் இருந்தன. பொறுப்பாளரே ஓட்டுநர் என்று எண்ணிக்கொள்ளச் சட்டம் அனுமதித்திருந்தால், 4ஆம் அட்டவணைக்கே தேவை இருந்திருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மௌனம் எங்கள் உரிமை. பொய் எங்கள் உரிமை அல்ல. நீதிமன்றத்தில் உண்மை உறுதிமொழியின் கீழ் கையெழுத்திடும்போது, தானே ஓட்டியவர் ‘நான் ஓட்டவில்லை’ என்று எழுதுவதை இந்தச் சாசனம் ஒருபோதும் ஆதரிக்காது.

மூன்றாவது: தொகை

சங்கங்களின் நெறிமுறைப்படி உச்சவரம்பு 100 பவுண்டு. உடனே கட்டினால் 60. கட்டாமல் விட்டால் கடன் வசூல் நிறுவனம் ஒன்றின் பெயரில் கடிதம் வந்து, 70 பவுண்டு கூடி 170 ஆகிறது. அந்த 70 எதற்கு? ஒரு கடிதத்துக்கு. பொறுப்பாளரிடம் வசூலிக்கக் கூடிய அதிகபட்சம் நோட்டீஸில் குறித்த தொகையே என்று 4ஆம் அட்டவணை சொல்லும்போது, எங்களிடம் 170 கேட்பதை எந்தப் பெயரிட்டும் நியாயப்படுத்த முடியாது. 2022இல் அரசு வெளியிட்டுப் பின் திரும்பப் பெற்ற நெறிமுறை இந்தக் கூடுதல் வசூலைத் தடைசெய்தது, லண்டனுக்கு வெளியே பெரும்பாலான மீறல்களுக்கு வரம்பை 50 பவுண்டாகவும் குறைத்தது. அந்த இரண்டையும் அப்படியே கேட்கிறோம்.

நான்காவது: நிலம் எதுவென்று சொல்லுங்கள்

வேறு சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்துக்கு 4ஆம் அட்டவணை பொருந்தாது. துணைச்சட்டங்களுக்கு உட்பட்ட ரயில் நிலையக் கார் தரிப்பிடங்களும் விமான நிலையச் சாலைகளும் இதில் அடங்கும். ஊரிலிருந்து வருகிறவர்களை ஏற்றி இறக்க விமான நிலையத்துக்குப் போகாத தமிழ் வீடு இந்த நாட்டில் இல்லை. அங்கிருந்து வரும் நோட்டீஸில், பொறுப்பாளர் மீதான உரிமை எந்தச் சட்டத்தின் கீழ் கோரப்படுகிறது என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இந்த அட்டவணை செல்லாது. கிளாஸ்கோ உறவினர்களுக்கு லண்டன் அனுபவத்தை வைத்து அறிவுரை சொல்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஐந்தாவது: கேமராவும் கருவியும்

கேமரா பதிவது உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும்தான். இடம் தேடிச் சுற்றிய நேரம், பலகையைப் படித்த நேரம், கட்டணக் கருவி முன் வரிசையில் நின்ற நேரம், வெளியேறும் வாசலில் நெரிசலில் காத்த நேரம் எல்லாம் ‘நிறுத்திய நேரம்’ ஆகிவிடுகின்றன. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து போன காரின் நடுப் பதிவுகள் தவறிப்போனால், நாள் முழுக்க நின்றதாகக் கணக்கு வருகிறது. கருவியில் வண்டி எண்ணை இடும்போது சுழியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை அழுத்தியவர் காசு கட்டியும் கட்டாதவர் ஆகிறார்.

டெர்பி நகரில் நடந்ததை நாடே பார்த்தது. கைபேசிச் சமிக்ஞை கிடைக்காமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் கழித்துக் கட்டணத்தை முழுதாகக் கட்டிய ஒரு பெண்ணிடம் 1,906 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். செய்தி பெரிதானபின் 2024 நவம்பரில் கைவிட்டார்கள். 2025இல் சங்கங்கள் தங்கள் நெறிமுறையில் ஐந்து நிமிடத்துக்குள் கட்ட வேண்டும் என்ற விதியைத் திருத்தின. பத்திரிகையில் வந்தவருக்குக் கிடைத்த நீதி, பத்திரிகைக்குப் போகத் தெரியாதவருக்கும் கிடைக்க வேண்டும். காசு கட்டியது பதிவில் இருக்கும்போது, எண் தவறியதாலோ நேரம் சற்றுப் பிந்தியதாலோ கட்டணம் கேட்கவே கூடாது. கேமராவை மட்டும் நம்பி அனுப்பும் நோட்டீஸோடு, அந்த எண்ணுடைய அன்றைய எல்லாப் பதிவுகளும், கட்டணக் கருவியின் பதிவும், அன்று இருந்த பலகைகளின் படமும் கேளாமலே வர வேண்டும்.

குடியிருப்புகளில் நடப்பது இன்னும் மோசம். சொந்த வீட்டின் குத்தகைப் பத்திரத்தில் நிறுத்தும் உரிமை இருந்தும், பின்னால் வந்த நிறுவனம் அனுமதி அட்டை வைக்கவில்லை என்று எழுதுகிறது. வாயிலில் சாமான் இறக்கச் சற்று நேரம் நிற்பது பார்க்கிங் ஆகாது என்று 2016இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மேல்முறையீட்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை விதியாக்குங்கள்.

ஆறாவது: முறையீடு யார் கையில்

முதல் முறையீடு கட்டணம் கேட்ட நிறுவனத்திடமே. அது மறுத்தால், பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் உறுப்பினரானால் 28 நாளுக்குள் பாப்லா என்ற முறையீட்டு அமைப்புக்கு, இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி உறுப்பினரானால் 21 நாளுக்குள் இன்டிபென்டன்ட் அப்பீல்ஸ் சர்வீஸுக்கு. இரண்டுமே அந்தத் துறையின் பணத்தில் நடப்பவை. எந்தச் சங்கத்தில் சேருவது என்பதை நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. அதாவது தன்னை யார் விசாரிக்க வேண்டும் என்பதையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது. அரசு நியமிக்கும் ஒரே முறையீட்டு மன்றம் வேண்டும். அங்கே போகிறவருக்குத் தள்ளுபடி பறிபோகக் கூடாது. 60 பவுண்டா, போராடி 100 பவுண்டா என்ற சூதாட்டத்தில்தான் நியாயமான முறையீடுகள் பல தொடங்காமலே போகின்றன. பாப்லாவில் தோற்றாலும் அந்த முடிவு வண்டிக்காரரைக் கட்டுப்படுத்தாது, நீதிமன்றத்தில் வாதிடும் உரிமை அவருக்கு இருக்கிறது. இதையும் முடிவுக் கடிதத்திலேயே எழுத வேண்டும்.

ஏழாவது: தெரியாமலே வரும் தீர்ப்பு

வீடு மாறியவர் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றுகிறார். லாக் புக்கை மறந்துவிடுகிறார். இரண்டும் தனித்தனி என்பது பலருக்குத் தெரியாது. வழக்குப் படிவம் பழைய வீட்டுக்குப் போகிறது. பதில் இல்லை என்பதால் கவுன்டி நீதிமன்றம் எதிர்த்தரப்பைக் கேளாமலே தீர்ப்பைப் பதிகிறது. ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டாவிட்டால் ஆறு ஆண்டுகள் அது பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் வங்கி சொல்லித் தெரிய வரும். அதை நீக்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கே ஏறத்தாழ 300 பவுண்டு கட்டணம். நூறு பவுண்டுத் தகராறுக்காக ஓர் இளம் குடும்பம் வீடு வாங்க முடியாமல் நிற்கிறது.

கடிதங்களுக்கு ஒரு பதிலும் வராத நிலையில், வழக்குப் போடுமுன் இன்றைய முகவரியைத் தேடிச் சரிபார்த்ததாக நிறுவனம் சான்று தர வேண்டும். சான்று இல்லாவிட்டால் கேளாத் தீர்ப்பு கிடையாது. பழைய முகவரிக்குப் போன வழக்கில் தீர்ப்பை நீக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. டிவிஎல்ஏவில் ஒரு முகவரியை மாற்றினால் மற்றதையும் மாற்றவா என்று அதே பக்கத்தில் கேட்க வேண்டும்.

எட்டாவது: நில உரிமையாளர்களுக்கு

கட்டணத்தை ஒரு சொல்லில் ரத்துச் செய்யக் கூடியவர்கள் நீங்கள். அம்மாவை அவசர சிகிச்சைக்கு அழைத்து வந்தவரிடம், ‘அது பார்க்கிங் கம்பெனி விஷயம்’ என்று வரவேற்பு மேசையில் சொல்லக் கூடாது. ரத்துச் செய்யும் அதிகாரம் உள்ளவரின் பதவியும் தொடர்பு முகவரியும் ஒவ்வொரு பலகையிலும் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை வைத்திருப்பவருக்குக் கூடுதல் நேரம் தருவது சலுகை அல்ல, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் விதிக்கும் கடமை.

ஒன்பதாவது: தருவதாகச் சொன்ன நெறிமுறையைத் தாருங்கள்

அப்போது எம்பியாக இருந்த சர் கிரெக் நைட் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2019 மார்ச் 15 அன்று சட்டமானது. சட்ட பலமுள்ள ஒரே நெறிமுறையை அரசு வகுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கட்சி பேதம் இல்லாமல் ஆதரித்தார்கள். 2022 பிப்ரவரியில் நெறிமுறை வந்தது. நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. அதே ஆண்டு ஜூனில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த வெற்றிடத்தில் இரண்டு சங்கங்களும் சேர்ந்து 2024 அக்டோபர் முதல் தங்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டன. சட்டம் வந்து ஆறு ஆண்டு கடந்து, 2025 ஜூலையில் அரசு மறுபடியும் மக்களிடம் கருத்துக் கேட்கத் தொடங்கியது. கருத்துச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது. மேலே உள்ள எட்டும் அந்த நெறிமுறைக்குள் வந்தால்தான் அவற்றுக்குப் பல் இருக்கும். இந்த நாடாளுமன்றத்தின் காலத்துக்குள், உறுதியான ஒரு நாளை அறிவித்து, அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் பக்கம்

கேட்கிறவர்களுக்கும் கடமை உண்டு. ‘தனியார் டிக்கெட்டா, கிழித்துக் குப்பையில் போடு’ என்ற பழைய அறிவுரையை இனி யாருக்கும் சொல்ல மாட்டோம். 2012க்கு முன் அது எப்படியோ, இன்று அது தீர்ப்பில் கொண்டுபோய் விடும். கடிதம் வந்தால் உறையோடு வைத்து, வந்த நாளைக் குறித்து, 28 நாளுக்குள் முறையிடுவோம். வழக்குக்கு முந்தைய கடிதத்துக்கு 30 நாளுக்குள் பதில் எழுதுவோம். வழக்குப் படிவம் வந்துவிட்டால் 14 நாளைத் தவற விட மாட்டோம். பலகை தெளிவாக இருந்தது, நேரம் மீறியது நாம்தான் என்றால், கட்டிவிடச் சொல்வோம். நீல அட்டைக் கட்டத்தில் ‘இரண்டே நிமிடம்’ என்று நிறுத்துகிற நம்மவரை நாமே எழுப்புவோம்.

தமிழ்ப் பள்ளிகளும் கோவில்களும் முதியோர் சங்கங்களும் வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, ஆங்கிலம் வாசிக்கக் கூடிய இளையவர் ஒருவரை அங்கே அமர்த்துமாறு கேட்கிறோம். வருகிற கடிதத்தில் அவர் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு: கவுன்சிலா தனியாரா, கார் நின்ற நாள் எது, கடிதம் சேர்ந்த நாள் எது, நிலம் யாருடையது. ஓட்டியது யார் என்று அந்த மேசையில் யாரும் கேட்கக் கூடாது.

இந்தச் சாசனத்தில் கையெழுத்திடுகிறவர்கள் தங்கள் பெயரையும் தபால் குறியீட்டையும் மட்டும் எழுதினால் போதும், வண்டி எண் வேண்டாம். கையெழுத்துகள் தொகுதிவாரியாகப் பிரிக்கப்பட்டு அந்தந்த எம்பியின் தொகுதி அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கப்படும். ஒன்பது கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறார், எவற்றை மறுக்கிறார் என்று எழுத்தில் பதில் கேட்போம். வரும் பதில்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்படியே வெளியிடுவோம். பதில் தராதவர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும்.